கரைக்கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் பாய்மரப் படகில் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பத்தரை மீட்டர் நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றை முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். இதுவரை காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பும் ஓட்டங்கள் மட்டுமே போயிருக்கிறீர்கள். இப்போது மூன்று பேராக, இரவுகளும் கடலிலேயே கழியும்படி மூன்று நாள் பயணம் போக எண்ணுகிறீர்கள். தயாரிப்புப் பட்டியல்கள் நூறு, இருநூறு வரிகளுக்கு நீள்வதால் எதில் தொடங்குவது என்று தெரியவில்லை என்கிறீர்கள்.

அந்தப் பட்டியல்களில் தவறான தகவல் எதுவும் இருக்காது. ஆனால் அவை படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பையும் பாட்டில் திறப்பானையும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து வைத்துவிடுகின்றன. ஆகவே எந்த உருப்படியை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது கெட்டுப்போனால் படகுக்கோ ஆட்களுக்கோ எவ்வளவு விரைவில் ஆபத்து வரும்? கெட்டதை நடுக்கடலில், ஆடிக்கொண்டிருக்கும் படகில், கையில் இருக்கும் கருவிகளை வைத்துச் சரிசெய்ய முடியுமா? விரைவில் ஆபத்தைத் தருவதும் கடலில் சரிசெய்ய முடியாததும் எவையோ அவற்றிலிருந்து தொடங்க வேண்டும். மேலும், பொருள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து டிக் அடிப்பது சோதனை ஆகாது. வால்வு திரும்ப வேண்டும், பம்பு தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும், கயிறு பளுவைத் தாங்க வேண்டும். இயக்கிப் பார்க்காத எதையும் சோதித்ததாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

இந்த வேலைகளை எல்லாம் கிளம்பும் நாள் காலைக்கு ஒத்திவைக்கவும் முடியாது. பாய்மரக் கம்பிகள், உயிர்காப்பு மிதவைப் படகின் சர்வீஸ், உதிரிபாகங்கள் ஆகியவற்றுக்குச் சில வாரங்களாவது வேண்டும். எஞ்சின், பாய்கள், சாமான் அடுக்குதல் முதலியவற்றை முந்தைய நாளில் முடிக்கலாம். கடைசி ஒரு மணி நேரத்துக்கு வானிலை, ஆட்களுக்கான விளக்கம், கயிறுகள் ஆகிய மூன்று மட்டும் மிஞ்சியிருந்தால் நல்ல தயாரிப்பு என்பேன்.

முதலில் தண்ணீர் உள்ளே வரக்கூடிய வழிகளைப் பாருங்கள். உங்கள் படகின் அடிப்பகுதியில் எஞ்சினுக்குக் குளிர்நீர் எடுக்க, கழிப்பறைக்கு, சமையல் தொட்டி வடிய, காக்பிட் (சுக்கான் பிடிப்பவர் அமரும் திறந்த பள்ளம்) வடிய எனப் பல துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சீகாக் எனப்படும் வால்வும் அதிலிருந்து கிளம்பும் ஒரு ஹோஸும் உண்டு. இவற்றில் ஒரு ஹோஸ் கழன்றால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. விட்டமுள்ள துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். சாதாரண மின் பம்பு எதுவும் நெடுநேரம் ஈடுகொடுக்க முடியாத அளவு அது.

ஆகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சீகாக்கையும் தேடிப் போங்கள். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு பெட்டியின் அடியில், பழைய கயிறுகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் பின்னால் இருக்கும். கைப்பிடியை முழுதாக மூடித் திறங்கள். உள்ளே பந்து வைத்த, கால்வட்டம் திரும்பும் ‘பால்’ வால்வாக இருந்தால், கைப்பிடி ஹோஸின் திசையிலேயே இருக்கும்போது திறந்திருக்கிறது என்றும் குறுக்காக இருக்கும்போது மூடியிருக்கிறது என்றும் பொருள். திரும்ப மறுத்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். கைப்பிடியோடு வால்வே முறிந்து வந்துவிடலாம். படகு நீரில் இருக்கும்போது அதைக் கட்டாயப்படுத்துவதைவிட, கரையேற்றிப் பழுதுபார்க்கும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே மேல். வால்வின் உடலைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்து போய்விட்டால் மஞ்சள் நிறம் மாறி இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த உலோகம் பார்வைக்கு முழுதாக இருந்தாலும் உள்ளுக்குள் நொறுங்கும் நிலையில் இருக்கிறது.

ஹோஸ் இணைப்பில் இடம் இருந்தால் இரண்டு கிளாம்புகள் போட வேண்டும். கிளாம்பின் பட்டை எவர்சில்வராக இருந்து, திருகு மட்டும் சாதாரண இரும்பாக இருப்பது உண்டு. சிறு காந்தம் ஒன்றைத் திருகின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். வலுவாக ஒட்டினால் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு துளைக்கும் பொருந்தும் மென்மரக் கூம்பு அடைப்பான் ஒன்றை அந்தந்த வால்விலேயே மெல்லிய கயிற்றால் கட்டி வையுங்கள். கருவிப்பெட்டியில் போட்டு வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அகப்படாது. சீகாக்குகள் இருக்கும் இடங்களைக் குறித்த படம் ஒன்றை வரைந்து, வரைபட மேசைக்கு மேல் ஒட்டுங்கள். தண்ணீர் ஏறும்போது நீங்கள்தான் கீழே இருப்பீர்கள் என்பது நிச்சயமில்லை.

பில்ஜை, அதாவது படகின் அடிக்குழியை, துடைத்து முழுதாகக் காயவைப்பது அலங்காரத்துக்காகச் செய்யும் வேலையல்ல. எப்போதும் ஈரமாக இருக்கும் பில்ஜில் புதிதாக வரும் தண்ணீரைக் கண்டுபிடிக்க முடியாது. காய்ந்த பில்ஜில் ஒரு குவளை நீர் சேர்ந்தாலும் தெரியும். அப்படித் தெரிந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். டீசலோ கூலன்ட்டோ இல்லை என்று உறுதியானபின் ஒரு துளியை நாக்கில் வைத்தால், உப்பா நன்னீரா என்பதிலிருந்து கசிவது கடலா குடிநீர்த் தொட்டியா என்று தெரிந்துவிடும். பிறகு நாலைந்து வாளி நீரை ஊற்றி, ஃப்ளோட் ஸ்விட்ச் தானாக மேலெழுந்து பம்பை இயக்குகிறதா, நீர் உண்மையிலேயே வெளியே போய் விழுகிறதா என்று பாருங்கள். பம்பின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை உயர்த்தத் தேவையில்லாத நிலையில் எடுத்தது. ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தி, நெளிவுள்ள ஹோஸ் வழியே தள்ளும்போது அதில் பாதி கிடைத்தாலே அதிகம். அதனால்தான் கைப்பம்பை நான் மின் பம்பைவிட உயர்வாக மதிக்கிறேன். அதன் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டயாஃப்ரம் ரப்பர் வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எஞ்சின் தண்டு வெளியேறும் இடத்தில் பழைய முறைப்படி கயிற்றுப் பேக்கிங் இருந்தால், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழுவது இயல்பு. நின்றிருக்கும்போதும் தொடர்ந்து ஒழுகினால் நட்டை இறுக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

அடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள். பாய்மரம் முறிந்து விழும் நிகழ்வுகளில் கம்பியின் நடுப்பகுதி அறுவது அரிது. கம்பி முடியும் இடத்தில் உள்ள இணைப்புகளும், சிறிய பின்களும், கம்பிகளைப் படகின் உடலோடு பிணைத்துத் தளத்தின் கீழே மறைந்திருக்கும் செயின்பிளேட் என்னும் உலோகப் பட்டைகளும்தான் முதலில் விட்டுக்கொடுப்பவை. கம்பியைச் சுற்றிப் பஞ்சை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு அங்கே சிக்கிக்கொள்ளும். வெறுங்கையால் தடவாதீர்கள், அறுந்த இழை விரலைக் கிழித்துவிடும். ஓர் இழை அறுந்த கம்பியை மாற்றத்தான் வேண்டும். கம்பி நுழையும் குழாய் போன்ற இணைப்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முடியளவு மெல்லிய, நீளவாக்கில் ஓடும் ஒரு கோடு தெரிந்தாலோ, அதன் வாயிலிருந்து துருக்கறை ஒழுகியிருந்தாலோ அந்த இணைப்பை நம்ப முடியாது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற எண்ணம் இந்த இடத்தில் ஏமாற்றிவிடும். அதைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நிலைத்திருக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈரம் தேங்கிக் காற்று புகாத இடுக்குகளில் அந்தப் படலம் அழிந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிப்பு ஏறும். தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் செயின்பிளேட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றைச் சுற்றி உட்புற மரத்தில் ஈரக்கறை இருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கம்பிகளை இறுக்கும் திருகு இணைப்புகளான டர்ன்பக்கிள்களில், திருகு கழலாமல் தடுக்கும் ஒவ்வொரு கோட்டர் பின்னும் இருக்கிறதா, அதன் கால்கள் விரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மிக மலிவான இந்தப் பின் விழுந்தால் டர்ன்பக்கிள் அலைகளின் அதிர்வில் தானாகவே கழன்றுகொண்டு போகும். கம்பிகளின் வயது தெரியாது என்பது பழைய படகு வாங்கியவர்களின் பொதுவான நிலை. பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் மாற்றுவதே வழக்கம். பத்தாண்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனங்கள் பல, ஆய்வு அறிக்கை கேட்கின்றன. வயதுக்கான ஆதாரம் எதுவும் இல்லையென்றால், பாய்மரக் கம்பி வேலையில் தேர்ந்த தொழில்முறை ரிக்கர் ஒருவரை ஒருமுறை உச்சிவரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தயாரிப்புச் செலவில் நான் ஒருபோதும் குறைக்கச் சொல்லாத இனம் இது. அவர் மேலே இருக்கும்போதே உச்சியில் உள்ள கப்பிகள், விளக்குகள், விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனாவின் இணைப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

பாய்களைத் துறையிலேயே, காற்று அமைதியாக இருக்கும் ஒரு காலையில், ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். வெயில் துணியை அரிப்பதற்கு முன் தையல் நூலை அரித்துவிடும். நகத்தால் தையலைச் சுரண்டும்போது நூல் உதிர்ந்தால், துணி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மறுதையல் தேவை. முன்பாயைச் சுருட்டும் ஃபர்லரின் கயிறு உராய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்; பலத்த காற்றில் அது அறுந்தால், சுருட்டி வைத்த பாய் முழுதாக விரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரீஃப் போடும் முறையை, அதாவது மெயின்செயில் என்னும் முதன்மைப் பாயின் பரப்பைக் குறைத்துக் கட்டுவதை, துறையிலேயே மூவரும் செய்து பழகுங்கள். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 15 ‘நாட்’ வேகத்திலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) 20 நாட் வேகத்துக்குக் காற்று ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. பாயின் மேல் விழும் விசையோ முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இரண்டாம் ரீஃபுக்கான கயிறு ஏற்கனவே கோத்திருக்க வேண்டும். இரவில் பூம் எனப்படும், பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பின் முனைக்கு ஏறிக் கோக்கும் வேலை யாருக்கும் வேண்டாம். பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறுகளின் முனையில் எட்டு வடிவ முடிச்சு, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சுக்கு இரண்டு கைப்பிடிகள், காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது பூம் திடீரென்று மறுபக்கம் அடிக்காமல் பிடித்து வைக்கும் பிரிவென்டர் கயிறு ஆகியவையும் தயாராக இருக்கட்டும்.

சுக்கானைப் பற்றிப் பலர் எழுதுவதில்லை, ஏனென்றால் அது கண்ணில் படுவதில்லை. ஸ்டீயரிங் வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே படுத்து கேபிளும் கப்பிகளும், சுக்கான் தண்டைத் திருப்பும் க்வாட்ரன்ட்டும் ஓடுவதைப் பாருங்கள். தளர்ந்த கேபிள் கப்பியிலிருந்து நழுவும். அதன்பின், வீல் கெட்டால் சுக்கானை நேரடியாகத் திருப்ப உதவும் கைத்தண்டான அவசர டில்லரை எடுத்து உண்மையிலேயே பொருத்துங்கள். மூடியைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும், அல்லது டில்லர் வீலில் இடிக்கிறது என்பதையெல்லாம் துறையில் கண்டுபிடித்தால் அரைநாள் வேலைதான்.

எஞ்சினுக்கு வருவோம். பாய்மரப் படகில் டீசல் எஞ்சின் நின்றுபோகக் காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருப்பதில்லை. அசுத்தமான டீசல், அடைபட்ட குளிர்நீர் வழி, செத்த பேட்டரி ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். துறையில் மாதக்கணக்கில் அசையாமல் இருந்த தொட்டியின் அடியில் நீரும், அந்த நீருக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட எல்லையில் வளரும் நுண்ணுயிர்களின் கறுப்புச் சேறும் படிந்திருக்கும். துறையில் அது தொல்லை தராது. முதல் அலையில் படகு ஆடத் தொடங்கியதும் சேறு முழுதும் கலங்கி ஃபில்டருக்குள் போகும். அதாவது துறைமுக நுழைவாயிலைத் தாண்டும்போது, எஞ்சின் மிகவும் தேவைப்படும் அதே இடத்தில், அது மூச்சுத் திணறி நிற்கும். தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவில் டீசலை எடுத்து ஒருமணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். தெளிந்து நின்றால் சரி. அடியில் நீரோ கறுப்புத் துணுக்குகளோ இறங்கினால் தொட்டியைச் சுத்தம் செய்யாமல் கிளம்பாதீர்கள். முதல்நிலை ஃபில்டருக்கு நான்கு, இரண்டாம் நிலைக்கு இரண்டு என உதிரி வையுங்கள். ஃபில்டரை மாற்றியபின் எரிபொருள் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றும் முறையை உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

குளிர்நீர் வழியில் ஸ்ட்ரெய்னர் என்னும் வடிகட்டியைத் திறந்து பாசியையும் சிப்பிகளையும் அகற்றுங்கள். குளிர்நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான ரப்பர் இம்பெல்லரை வெளியே எடுத்து, இறக்கைகளின் அடிப்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா என்று மடக்கிப் பாருங்கள். நீரில்லாமல் ஓடினால் அது மிகக் குறுகிய நேரத்திலேயே பிய்ந்துபோகும்; பிய்ந்த துண்டுகள் வெப்பப் பரிமாற்றியில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால், ஓர் இறக்கை குறைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்கும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். ஆயில், கூலன்ட், பெல்ட்டின் இறுக்கம் ஆகியவற்றை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பின்பு எஞ்சினைக் கிளப்பியதும் முதல் வேலையாகப் பின்பக்கம் எட்டிப் புகைபோக்கியிலிருந்து நீர் துப்புகிறதா என்று பாருங்கள். நீர் வராவிட்டால் ஒரு நிமிடம்கூட ஓட விடாமல் அணைத்துவிடுங்கள். கயிறுகள் கட்டியிருக்கும்போதே கியரை முன்னும் பின்னும் போட்டு, படகு இரண்டு பக்கமும் இழுப்பதை உறுதி செய்யுங்கள்.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய விதியை இன்னும் யாரும் மேம்படுத்தவில்லை. உங்கள் அளவுள்ள படகின் எஞ்சின் மிதமான வேகத்தில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 90 லிட்டர் பயன்படும் தொட்டியில் கையிருப்பைத் தொடாமல் 20 மணி நேரம் ஓட்டலாம். தொட்டியின் அளவுகாட்டியை நம்பாமல் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் குறித்து வாருங்கள்.

சமையல் எரிவாயு பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் சன்னலைத் திறந்து விடலாம். படகிலோ அது வழிந்தோடிப் பில்ஜில் தேங்கி, ஏதோ ஒரு ஸ்விட்சின் பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டியின் வடிகால் படகுக்கு வெளியே திறக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பை மூடிவிட்டுச் சிலிண்டரைத் திறந்து, மீண்டும் சிலிண்டரை மூடி, அழுத்தமானியைச் சில நிமிடங்கள் கவனியுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்புநீரைத் தடவினால் இடம் தெரியும். தீக்குச்சியால் தேடுபவரைப் படகில் ஏற்றாதீர்கள்.

மின்சாரத்தில் நான் முதலில் பார்ப்பது பேட்டரியைத்தான். கரை மின்சாரத்தைத் துண்டித்துச் சில மணி நேரம் ஓய்வில் விட்டபின், ஈய-அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இரவு முழுதும் விளக்குகளையும் தானியங்கிச் சுக்கானையும் ஓட்டி, காலையில் எஞ்சினையும் கிளப்ப வேண்டும் என்பதால், கிளப்புவதற்கான பேட்டரி தனியாக இருப்பது நல்லது. வழிவிளக்குகளை எரியவிட்டுத் துறையில் இறங்கி நின்று பாருங்கள். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 20 மீட்டருக்குக் குறைந்த படகு பாயில் ஓடும்போது சிவப்பு, பச்சை, வெள்ளை ஆகிய மூன்று வண்ணங்களையும் உச்சியில் ஒரே விளக்கில் காட்டலாம். பாய் விரிந்திருந்தாலும் எஞ்சின் படகைத் தள்ளும் நேரத்தில் அது இயந்திரப் படகாகவே கருதப்படும். அப்போது அந்த உச்சி விளக்கை அணைத்து, கீழே உள்ள பக்க விளக்குகளையும், பின்விளக்கையும், முன்நோக்கிய வெள்ளை விளக்கையும் போட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லா விளக்குகளையும் சேர்த்து எரியவிட்டு வருபவர்களைப் பார்த்துக் கப்பலின் மாலுமி குழம்பிப்போகிறார்.

விஎச்எஃப் ரேடியோவில் யாரிடமாவது பேசி ஒலித்தரம் கேளுங்கள். அழைப்புக்கும் அவசரத்துக்கும் உரிய 16ஆம் சேனலைச் சோதனைப் பேச்சுக்கு நீட்டாமல், வேறு சேனலுக்கு மாறிக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தி அவசர அழைப்பு அனுப்பும் டிஎஸ்சி வசதிக்கான, படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும், செயற்கைக்கோள் வழியே ஆபத்துக்குறி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் ஈபிர்ப் கருவியின் பதிவும் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றாவிட்டால், நீங்கள் உதவி கேட்கும்போது மீட்புப்படையினர் அவர் வீட்டுக்குத்தான் தொலைபேசி செய்வார்கள். திசைகாட்டிக்கு அருகே ஸ்பீக்கர், கைபேசி, இரும்புக் கருவி எதுவும் இருக்கக்கூடாது. காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். திரைகள் எல்லாம் ஒரே பேட்டரியை நம்பியிருக்கின்றன.

ஆட்கள் கடலில் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு, விழுந்தவரை மீட்கும் ஏற்பாட்டுக்கு முந்தியது. மூன்று பேர் உள்ள படகில் ஒருவர் தூங்கும்போது, ஒருவர் விழுந்தால் மீட்க ஒருவரே மிஞ்சுகிறார். தளத்தின் இருபக்கமும் முன்னிருந்து பின்வரை, பாதுகாப்புக் கொக்கியை மாட்டிக்கொள்ளும் ஜாக்லைன் பட்டைகளை இறுக்கமாகக் கட்டுங்கள். இரவில் காக்பிட்டை விட்டு யாரும் கொக்கி மாட்டாமல் நகரக்கூடாது என்பதைத் துறையிலேயே முடிவாகச் சொல்லிவிடுங்கள். கொக்கிப் பட்டை 2 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்க வேண்டாம். தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கியைத் திறந்து, வாயால் ஊதி ஓரிரவு விட்டுப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் கசிவு உண்டு. அதன் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைச் சமையல் தராசில் நிறுத்தி, அதன் மேல் பொறித்திருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு கையால் இறுகத் திருகுங்கள், ஏனென்றால் அது அதிர்வில் தளரும். தொடைகளுக்கு இடையே போகும் பட்டை இல்லாத அங்கி, நீரில் தலைக்கு மேல் ஏறிவிடும். ஆபத்தைக் காட்டும் ஒளிச்சுடர்கள், தீயணைப்பான்கள், மிதவைப் படகு ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

சாமான்களைப் பொறுத்தவரை, கனமானவை தாழ்வாகவும் நடுப்பகுதியிலும் இருக்க வேண்டும். எல்லாக் கதவுகளும் தாழிட வேண்டும். படகு 30 பாகை சாயும்போது எது பறந்து வரும் என்று ஒவ்வோர் அறையிலும் நின்று யோசித்தால் போதும். குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்குமேல் பாதியைக் கூட்டி, ஒரு பகுதியைத் தொட்டியில் அல்லாமல் தனிக் கேன்களில் வையுங்கள். நங்கூரத்தை முன்முனையில் பின் போட்டுக் கட்டுங்கள். ஆனால் கடற்கரையை விட்டு விலகும்வரை உடனே இறக்கும் நிலையில் இருக்கட்டும், எஞ்சின் நின்றால் அதுதான் உங்கள் பிரேக். சங்கிலியின் உள்முனை படகோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். அவசரத்தில் கத்தியால் வெட்டிவிட வசதியாக அது கயிறாகவே இருக்க வேண்டும்.

வானிலை அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு எண்களை மனத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். முன்னறிவிப்பில் வரும் காற்று வேகம் சராசரி மட்டுமே. வீச்சுகள் அதைவிட 40 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம். அலை உயரம் என்று தரப்படுவது, உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனித்தனி அலைகள் அதன் இருமடங்கை எட்டக்கூடும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே இருந்தால், அளவில் சிறிய அலைகூடச் செங்குத்தாகிப் படகை நிறுத்திவிடும். நுழைவாயில்களில் இதற்காகவே ஓதநேரத்தை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்றுக்கு மேல் கிளம்புவதில்லை என்ற எல்லையை முந்தைய மாலையிலேயே எழுதி வையுங்கள். காலையில், சாமான் ஏற்றி, உறவினர் கையசைத்து நிற்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் வானிலையைப் பற்றியதாக இருப்பதில்லை. விடுமுறை முடிகிறது என்பதற்காகக் கிளம்பிய பயணங்கள்தான் மீட்புப்படைக்கு அதிக வேலை தருகின்றன என்பது என் கருத்து. வழியில் ஒதுங்கக்கூடிய துறைகளையும், இரவில் அவற்றுக்குள் நுழைய முடியுமா என்பதையும் குறித்துக்கொண்டு, கரையில் ஒருவரிடம் பாதை, ஆட்கள், படகின் அடையாளங்கள், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்ற விவரங்களை எழுதிக் கொடுங்கள்.

ஆட்களுக்கான விளக்கம் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். கழிப்பறையை இயக்குவது, ரேடியோவில் அவசர அழைப்பு விடுப்பது, எஞ்சினைக் கிளப்பி அணைப்பது, பாயை இறக்குவது, விழுந்தவரைக் கண்ணெடுக்காமல் சுட்டிக்காட்டிக்கொண்டே இருப்பது ஆகிய ஐந்தையும் ஒவ்வொருவரும் செய்து காட்டட்டும். நீங்கள் விழுந்துவிட்டால் மற்ற இருவரும் என்ன செய்வார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். கடல்நோய் மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு ஒருமணி நேரம் முன்பாவது போட வேண்டும்.

கடைசியாகத் துறையை விட்டு விலகுதல். கரை மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கழற்றப்பட்டுவிட்டனவா, தானியங்கிச் சுக்கான் அணைந்திருக்கிறதா, நீரில் தொங்கும் கயிறு எதுவும் புரொப்பெல்லரில் சிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கயிறுகளைக் கவனியுங்கள். எது இறுகியிருக்கிறதோ அதுதான் இப்போது படகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தளர்ந்திருப்பவற்றை முதலில் எடுத்துவிட்டு அதைக் கடைசியாக விடுங்கள். வலச்சுழற்சியுள்ள புரொப்பெல்லர் பின்கியரில் படகின் பின்பகுதியை இடப்பக்கம் இழுக்கும் என்பதை, முதலில் எந்தப் பக்கம் திறந்த நீர் இருக்கிறது என்பதோடு சேர்த்து யோசியுங்கள். காற்று படகைத் துறையோடு சேர்த்து அழுத்தினால் தள்ளிப் பயனில்லை. முன்முனையில், இடிப்பைத் தாங்கும் மெத்தையான ஃபெண்டர் நல்லதாக ஒன்றை வைத்து, முன்முனையிலிருந்து பின்நோக்கித் துறைக்குப் போகும் ஸ்பிரிங் கயிற்றை மட்டும் விட்டு, சுக்கானைத் துறைப் பக்கம் திருப்பி, மெதுவாக முன்கியர் போடுங்கள். பின்பகுதி தானாக வெளியே விலகும். போதிய கோணம் கிடைத்ததும் பின்கியருக்கு மாறி, கயிற்றை உருவிக்கொண்டு வெளியேறலாம். அந்தக் கயிறு இரட்டையாகத் துறைக் கொக்கியைச் சுற்றி வந்து படகிலேயே முடிய வேண்டும், உருவும் முனையில் முடிச்சு எதுவும் இருக்கக்கூடாது.

வெளியே வந்து அரைமணி நேரத்துக்குள், நுழைவாயில் இன்னும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஒருவர் கீழே இறங்கிப் பில்ஜ், எஞ்சின் தண்டு, வெப்பமானி, எல்லா ஹோஸ் இணைப்புகள் ஆகியவற்றை இன்னொரு முறை பார்த்து நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். காய்ந்த பில்ஜில் உப்புநீர் சேர்ந்திருந்து, அதன் காரணம் பத்து நிமிடத்தில் தெரியவில்லை என்றால் படகைத் திருப்புங்கள். அதற்காகத்தான் உங்கள் கட்டுமிடத்தை அன்று மாலைவரை வேறு யாருக்கும் தர வேண்டாம் என்று துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைப்பது.